சீன மருத்துவம் சொல்லும் சாப்பாட்டு முறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்காகத் தென்சீன நகரமான குவாங்சோவில் சில வருடங்கள் இருந்தேன். அங்கே எதிர்வீட்டுப் பாட்டி எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்த சீனச் சொல் 'ஷாங் ஹுவோ'. நெருப்பு மேலே ஏறிவிட்டது என்று பொருள். வாய்ப்புண், தொண்டை வலி, கண் எரிச்சல் என்று எதைச் சொன்னாலும் முதலில் அதைத்தான் சொல்வார். அடுத்து, நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்பார். எங்கள் வீட்டில் 'உடம்பு சூடு' என்று அம்மா சொல்வதைக் கேட்ட மாதிரியே இருக்கும். ஊர் திரும்பியதிலிருந்து உறவினர்களும் நண்பர்களும் இதைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்தக் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. பழகியும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

கோஜி பெர்ரி என்ற சின்னச் சிவப்பு உலர்பழம், ஜின்செங் வேர், பறவைக்கூடு... இவற்றைச் சாப்பிடுவதுதானே சீன உணவு மருத்துவம்?

விளம்பரங்களைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். பழைய நூல்களில் முதலில் வருவது தானியம். சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட 'ஹுவாங்தி நெய்ஜிங்' சீன மருத்துவத்தின் அடிப்படை நூல். அதில் ஒரு வரி இப்படிப் போகிறது: ஐந்து தானியங்கள் உடலை வளர்க்கும், ஐந்து பழங்கள் துணை நிற்கும், ஐந்து வகை இறைச்சி வலு சேர்க்கும், ஐந்து வகைக் காய்கறி நிறைவாக்கும். சாப்பாட்டுத் தட்டில் எதற்கு என்ன இடம் என்பதை அந்த வரிசையே சொல்லிவிடுகிறது.

பண்டைச் சீனாவை ஆண்ட சௌ அரசவையின் பதவிகளை விவரிக்கும் இன்னொரு பழைய நூல் மருத்துவர்களை நான்கு வகையாகப் பிரிக்கிறது: உணவு மருத்துவர், நோய் மருத்துவர், புண்களுக்கான மருத்துவர், கால்நடை மருத்துவர். முதலில் சொல்லப்படுபவர் உணவு மருத்துவர். தாங் அரசர்கள் காலத்தில் வாழ்ந்த மருத்துவர் சுன் சிமியாவ், 652ஆம் ஆண்டு வாக்கில் எழுதிய பெருநூலில் உணவுக்கென்றே ஒரு பகுதி ஒதுக்கினார். நோயின் மூலத்தைக் கண்டுபிடித்து முதலில் சாப்பாட்டால் சரிசெய்யப் பார்க்க வேண்டும், அதற்கு அடங்காதபோதுதான் மருந்து என்பது அவருடைய நிலை.

கோஜியும் சிவப்புப் பேரீச்சையும் அங்கே எல்லா வீட்டிலும் உண்டு. நம் வீட்டில் சீரகமும் சுக்கும் இருப்பது போல, ஒரு கைப்பிடி சூப்பில் போடுவார்கள், அவ்வளவுதான். (சிவப்புப் பேரீச்சை என்று நாம் சொல்லும் பழத்துக்கும் பேரீச்சைக்கும் உறவில்லை. அது நம் இலந்தையின் நெருங்கிய உறவு.)

ஒரு உணவு சூடா, குளிர்ச்சியா என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

கையில் தொட்டால் தெரியும் சூடு அல்ல இது. சாப்பிட்ட பிறகு உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதுதான் கணக்கு. குளிர், தண்மை, வெதுமை, சூடு என்று நான்கு குணங்கள். இரண்டு பக்கமும் சாயாத உணவு 'சமம்'. அரிசி, முட்டை, கேரட், சீன வள்ளிக்கிழங்கு எல்லாம் சமம். தர்பூசணி, பாகற்காய், நண்டு குளிர். பாசிப்பயறு, பேரிக்காய், பச்சைத் தேநீர், வாத்து இறைச்சி ஆகியவை குளிர்ச்சிப் பக்கம். இஞ்சி, வெங்காயம், ஆட்டிறைச்சி, லிச்சி ஆகியவை வெதுமைப் பக்கம். மிளகும் மிளகாயும் சூடு.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், சமைக்கும் விதம் குணத்தை மாற்றும் என்பது. தாமரைக் கிழங்கு பச்சையாக இருந்தால் குளிர். நன்றாக வெந்துவிட்டால் வெதுமை. நண்டை வேக வைத்து இஞ்சியும் வினிகரும் கலந்த சாற்றில் தொட்டுச் சாப்பிடுவார்கள், கூடவே சூடாக்கிய அரிசி மது ஒரு சின்னக் கோப்பை. நண்டின் குளிரை இஞ்சி சமன் செய்யும் என்பது நம்பிக்கை. ருசிக்கும் அதுதான் சரியான ஜோடி. ஆகவே 'இதைத் தொடவே கூடாது' என்று அங்கே யாரும் சட்டென்று சொல்வதில்லை. 'இதைச் சேர்த்துக்கொள்' என்பார்கள்.

அப்படியானால் நம் ஊர் சூடு, குளிர்ச்சிக் கணக்கும் அதுவும் ஒன்றா?

பாதி ஒன்று. பாசிப்பயறு குளிர்ச்சி, மிளகு சூடு, கோழி சூட்டுப் பக்கம் என்பதெல்லாம் இரண்டிலும் அப்படியே இருக்கிறது. நாம் சூடு என்று கோடையில் ஒதுக்கும் முட்டை அங்கே சமம். பாகற்காயை நம் பக்கம் பலர் சூடு என்பார்கள். சீனர்கள் கோடைச் சூட்டைத் தணிக்கவே அதைத் தேடி வாங்குகிறார்கள். நமக்குச் சுவை ஆறு, அவர்களுக்கு ஐந்து. துவர்ப்பைத் தனியாக எண்ணுவதில்லை.

ஒரு ஒற்றுமை என்னை அசர வைத்தது. சித்த மருந்து சாப்பிடும்போது பாகற்காய் கூடாது, மருந்தை முறித்துவிடும் என்பார்கள் இல்லையா? சீனத்தில் அந்த இடம் பாசிப்பயறுக்கும் முள்ளங்கிக்கும். ஜின்செங் எடுக்கும் நாளில் முள்ளங்கி சமைத்தால் எதிர்வீட்டுப் பாட்டி கோபித்துக்கொள்வார்.

இரண்டு பட்டியல்களையும் கலந்து குழப்பிக்கொள்ள வேண்டாம். இரண்டும் தனித்தனியாக வளர்ந்த கணக்குகள்.

ஐந்து சுவைக்கும் உறுப்புகளுக்கும் என்ன தொடர்பு?

புளிப்பு கல்லீரலுக்கு, கசப்பு இதயத்துக்கு, இனிப்பு மண்ணீரலுக்கு, காரம் நுரையீரலுக்கு, உப்பு சிறுநீரகத்துக்கு என்று பிரிப்பார்கள். எந்தச் சுவையும் அளவோடு இருந்தால் அந்த உறுப்பைப் பேணும், மிஞ்சினால் கெடுக்கும். இங்கே இனிப்பு என்றால் சர்க்கரை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சோறு, பூசணி, வள்ளிக்கிழங்கு ஆகியவற்றில் இருக்கும் மெல்லிய இனிப்பைத்தான் சொல்கிறார்கள்.

மண்ணீரலுக்கும் ஜீரணத்துக்கும் என்ன சம்பந்தம்? எப்போதும் 'மண்ணீரல் பலவீனம்' என்கிறார்களே?

இது மொழிபெயர்ப்பால் வந்த குழப்பம். இன்றைய உடற்கூறியலில் மண்ணீரல் ரத்தத்தை வடிகட்டும் உறுப்பு. சீன மருத்துவம் அந்தப் பெயரில் சொல்வது, சாப்பிட்டதை உடம்புக்குரிய சத்தாக மாற்றிக் கொண்டுபோகும் வேலை முழுவதையும். ஸ்கேன் எடுத்துப் பார்த்து 'என் மண்ணீரல் நன்றாகத்தானே இருக்கிறது' என்று கேட்பதில் பயனில்லை. பேசுவது வேறு பொருள்.

இந்தக் கருத்துக்கு உயிர் கொடுத்தவர் மருத்துவர் லி தோங்யுவான். 1180இல் பிறந்தவர். 1232இல் மங்கோலியர்கள் வட சீனத்தை ஆண்ட ஜின் அரசின் தலைநகரை, இன்றைய கைஃபெங்கை, முற்றுகையிட்டபோது அவர் நகரத்துக்குள்ளேயே இருந்தார். முற்றுகை விலகிய பிறகுதான் சாவு அதிகமானது. மக்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தார்கள். மற்ற மருத்துவர்கள் வெளியிலிருந்து தாக்கிய குளிர்க்காய்ச்சல் என்று நினைத்து வியர்க்கவும் பேதியாகவும் மருந்து கொடுத்தார்கள். லி வேறு மாதிரி யோசித்தார். நாள்கணக்கில் பட்டினி, பயம், அலைச்சல். பிறகு திடீரென்று வயிறு நிறையச் சாப்பாடு. உள்ளே வயிறு உடைந்துபோயிருக்கிறது, அதை மருந்து இன்னும் உடைக்கிறது என்றார். பின்னர் 1249இல் மண்ணீரல், வயிறு பற்றியே தனி நூல் எழுதினார்.

அந்தச் சாவுகளில் கொள்ளைநோய்க்கும் பங்கு இருந்திருக்கலாம். ஆனால் நீண்ட பட்டினி கிடந்தவருக்குத் திடீரென்று நிறையக் கொடுப்பது உயிருக்கே ஆபத்து என்று இன்றைய மருத்துவமும் சொல்கிறது. அவ்வளவு மரணங்களுக்கு நடுவில் நின்றுகொண்டு 'இவர்கள் என்ன சாப்பிட்டார்கள், எப்படிச் சாப்பிட்டார்கள்' என்று ஒருவர் கேட்டாரே, அதை நினைத்தால் எனக்கு மரியாதை வருகிறது. வெந்த உணவு, நேரத்துக்குச் சாப்பாடு, முக்கால் வயிறு, சாப்பிடும்போது கவலைப்படாமல் இருப்பது என்று சீன வீடுகளில் கேட்கும் அறிவுரைகளில் பாதி இந்த வயிற்றுக் காவலைத்தான் சொல்கின்றன.

நோயாளிக்கு அங்கேயும் கஞ்சிதானா?

ஆமாம், அங்கேயும் கஞ்சிதான். ஹாங்காங் கடைப் பலகைகளில் ஆங்கிலத்தில் 'காஞ்ஜி' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சொல் நம் கஞ்சியிலிருந்து போர்த்துகீசியர் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. சீனர்கள் சொல்வது 'ஜோவ்', குவாங்சோ பக்கத்து மொழியான கான்டனீஸில் 'ஜூக்'.

கஞ்சியின் மருத்துவ வேலைக்குப் பழைய சாட்சி, சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன், ஹான் அரசர்கள் காலத்தின் இறுதியில் வாழ்ந்த மருத்துவர் ஜாங் ஜோங்ஜிங். குளிர்க்காய்ச்சலுக்கு அவர் சொன்ன லவங்கப்பட்டைக் குச்சிக் கஷாயத்தில் இஞ்சி, சிவப்புப் பேரீச்சை, அதிமதுரம் எல்லாம் உண்டு. கஷாயத்தைக் குடித்த சிறிது நேரத்தில் சூடான நீர்த்த கஞ்சி குடித்து, போர்த்திப் படுத்து, லேசாக வியர்க்க விட வேண்டும் என்கிறார். அந்த நாட்களில் பச்சையான, குளிர்ந்த உணவு, இறைச்சி, மது எதுவும் கூடாது. நம் பாட்டிமாரின் பத்தியத்தைப் படிப்பது போலவே இருக்கும்.

வட சீனத்தில் பிரசவித்த பெண்ணுக்குக் கொடுக்கும் கஞ்சி 'சியாவ்மி'யில் செய்வது. சியாவ்மி வேறு ஒன்றுமில்லை, நம் தினைதான். தினையும் நாட்டுச் சர்க்கரை போன்ற பழுப்புச் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சுவார்கள். தெற்கில், கான்டன் (குவாங்சோ) பக்கம், பிரசவ வீட்டில் இனிப்பு வினிகரில் நிறைய இஞ்சியும் பன்றிக்காலும் முட்டையும் சேர்த்துக் கொதிக்கும் வாசனை வரும். பார்க்க வருகிறவர்களுக்கும் ஒரு கிண்ணம் உண்டு.

தைவானில் பசி எடுக்காத குழந்தைகளுக்கு 'நான்கு தெய்வச் சூப்' வைப்பார்கள்: தாமரை விதை, சீன வள்ளிக்கிழங்கு, பைன் மர வேரில் வளரும் ஃபூலிங் காளான், அப்புறம் ச்சியன்ஷி என்ற விதை. அந்த ச்சியன்ஷி நம் மளிகைக் கடைகளில் கிடைக்கும் மக்கானாவேதான், பொரிக்காமல்.

ஒரு எச்சரிக்கை. குழைய வெந்த வெள்ளை அரிசிக் கஞ்சி ரத்தச் சர்க்கரையைச் சீக்கிரம் ஏற்றும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் 'வயிற்றுக்கு நல்லது' என்று தினமும் கிண்ணம் கிண்ணமாகக் குடிக்க வேண்டாம்.

அங்கே எல்லோரும் வெந்நீர்தான் குடிக்கிறார்களாமே?

உண்மை. குளிர்ந்த நீர் வயிற்று நெருப்பை அணைக்கும் என்ற பழைய நம்பிக்கை ஒரு பக்கம். கொதிக்க வைத்த நீரே குடியுங்கள் என்று 20ஆம் நூற்றாண்டில் அரசு நடத்திய சுகாதாரப் பிரசாரங்கள் இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்து பழக்கமாகிவிட்டது.

கோடையில் இஞ்சி, குளிர்காலத்தில் முள்ளங்கி என்கிறார்கள். தலைகீழாக இல்லையா?

'குளிரில் முள்ளங்கி, கோடையில் இஞ்சி. வைத்தியரிடம் சீட்டு வாங்க வேண்டாம்' என்பது சீனப் பழமொழி. எனக்கும் முதலில் புரியவில்லை. விளக்கம் இதுதான்: கோடையில் வெப்பம் உடம்பின் மேற்புறத்துக்கு வந்துவிடுகிறது, நாமும் தர்பூசணி, ஐஸ் என்று உள்ளே தள்ளுகிறோம், வயிறு குளிர்ந்து கிடக்கிறது. அதற்கு இஞ்சி. குளிர்காலத்தில் வீட்டுக்குள்ளேயே இருந்து ஆட்டிறைச்சியும் கொழுப்பும் சாப்பிடுகிறோம். உள்ளே தேங்கும் சூட்டையும் மந்தத்தையும் கலைக்க முள்ளங்கி.

சுன் சிமியாவ் இதற்கு ஒரு நாட்காட்டியே போட்டுக் கொடுத்திருக்கிறார். வசந்தத்தின் 72 நாட்களில் புளிப்பைக் குறைத்து இனிப்பைக் கூட்டு. கோடையின் 72 நாட்களில் கசப்பைக் குறைத்துக் காரத்தைக் கூட்டு. இலையுதிர் காலத்தில் காரத்தைக் குறைத்துப் புளிப்பு. குளிர்காலத்தில் உப்பைக் குறைத்துக் கசப்பு. ஒவ்வொரு பருவத்தின் கடைசி 18 நாட்களில் இனிப்பைக் குறைத்து உப்பு. அந்தந்தப் பருவத்தில் எந்த உறுப்பு ஓங்கி நிற்கிறதோ அதன் சுவையைக் குறைத்து, அமுங்கிப்போகும் உறுப்புக்குத் தெம்பு கொடுப்பது நோக்கம்.

இது நான்கு பருவமும் தெளிவாக வரும் நாட்டுக்கு எழுதியது. பனி பெய்யாத சென்னையில் இருந்துகொண்டு 72 நாள் கணக்குப் பார்ப்பதில் அர்த்தமில்லை. வெளியே இருக்கும் வானிலையைப் பார்த்துச் சாப்பிடு என்ற எண்ணத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

என் உடல்வாகு எது என்று தெரிந்தால்தானே சாப்பாட்டை முடிவு செய்ய முடியும்?

இன்று பரவலாக உள்ளது பேராசிரியர் வாங் ச்சி வகுத்த ஒன்பது உடல்வாகுகள். 2009இல் சீன மருத்துவச் சங்கம் அதைத் தரநிலையாக வெளியிட்டது. சமநிலை உடல்வாகு ஒன்று, சாய்வுள்ளவை எட்டு. கை கால் எப்போதும் சில்லிட்டுக் கிடப்பவர், எண்ணெய் வடியும் முகத்தோடு வாய் கசப்பவர், எதற்கெடுத்தாலும் ஒவ்வாமை வருபவர் என்று போகும். இணையத்தில் பத்துக் கேள்விக்குப் பதில் சொல்லி முடிவு செய்துவிட முடியாது. நாடி பார்த்து, நாக்கைப் பார்த்து, பேசி முடிவு செய்வது மருத்துவரின் வேலை.

குவாங்சோவில் தெருவுக்குத் தெரு விற்கும் மூலிகைத் தேநீரைத் தினமும் குடிக்கலாமா?

வேண்டாம் என்பதுதான் அங்குள்ள பெரியவர்களின் பதிலும். 'லியாங் ச்சா' என்ற இந்தக் குளிர்ச்சித் தேநீர், புழுக்கமும் ஈரமும் நிறைந்த தென்சீனத்தில் உடம்புச் சூட்டைத் தணிக்க உருவானது. வாங் லாவ் ஜி என்ற புகழ்பெற்ற பெயர் 1828லிருந்து வருகிறது. 2006இல் இந்தத் தேநீர் சீனாவின் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. கடையில் கரண்டியால் மொண்டு தருவது கறுப்பாக, வேப்பிலைக் கஷாயம் போல் கசக்கும். டப்பாவில் வருவது இனிக்கும், காரணம் அதில் சேர்க்கும் சர்க்கரை. வயிறு சீக்கிரம் கலங்குகிறவர்கள், கர்ப்பிணிகள், மாதவிடாய் நாட்களில் இருப்பவர்கள் கசப்பானதைத் தவிர்ப்பார்கள்.

சில உணவுகளைச் சேர்த்துச் சாப்பிட்டால் விஷமாகும் என்கிறார்களே?

தேனும் வெங்காயமும், நண்டும் பெர்சிமன் பழமும் என்று அங்கே பெரிய பட்டியலே புழங்கியது. 1935இல் நான்ஜிங்கில் உயிர்வேதியியலாளர் ஜெங் ஜி அதில் 14 ஜோடிகளை எடுத்து விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சிலவற்றைத் தானே சாப்பிட்டும் பார்த்தார். விஷம் எதுவும் தெரியவில்லை. அவர் 1900இல் பிறந்து 2010 வரை வாழ்ந்தவர்! பெர்சிமனை, குறிப்பாகக் காயாக, வெறும் வயிற்றில் நிறையச் சாப்பிட்டால் அதன் துவர்ப்புப் பொருள் வயிற்றில் கட்டியாகத் திரளலாம், அது உண்மை. நண்டுக்கு அதில் வேலையில்லை. கெட்டுப்போன நண்டு தனியாகவே ஆளைப் படுக்க வைத்துவிடும்.

சைவர்கள் இதைப் பின்பற்றலாமா?

தாராளமாக. சீனப் பௌத்த மடங்களில் சைவச் சமையல் நூற்றாண்டுகளாக இருக்கிறது. பன்னிரண்டாம் மாதம் எட்டாம் நாள் மடங்களில் தானியமும் பயறும் கொட்டைகளும் சேர்த்துக் காய்ச்சி வழங்கும் 'லாபா' கஞ்சி ஒன்று போதும், ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு. கறுப்பு எள், அக்ரூட், தாமரை விதை, காளான், சோயாப் பாலாடை என்று வழிகள் நிறைய.

மாத்திரை சாப்பிடுகிறேன். இந்த மூலிகைச் சூப்புகளையும் சேர்த்துக்கொள்ளலாமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் கண்டிப்பாகப் பேச விரும்புகிறேன். அரிசி, பயறு, காய், இஞ்சி என்று இருக்கும்வரை கவலையில்லை. வேர், பட்டை என்று மருந்துக்கடைச் சரக்கு உள்ளே வந்துவிட்டால் அது மருந்துதான். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு தாங்குவெய், தான்ஷென் போன்ற வேர்கள் ஆபத்து; கோஜியால்கூட ரத்தப்போக்கு கூடிய நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. அதிமதுரம் நாள்கணக்கில் அதிகமானால் ரத்த அழுத்தம் ஏறும், உடலில் பொட்டாசியம் குறையும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் எடை குறைக்கச் சீன மூலிகை மாத்திரை சாப்பிட்ட பல பெண்களின் சிறுநீரகம் பழுதானது. ஒரு மூலிகைக்குப் பதில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் உள்ள வேறொன்று கலந்திருந்ததுதான் காரணம். ஆகவே உங்கள் மருத்துவரிடம் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். மணிக்கணக்கில் கொதிக்கும் கான்டன் இறைச்சிச் சூப் யூரிக் அமிலம் அதிகம் உள்ளவர்களுக்கும் ஒத்துக்கொள்ளாது.

இதற்கெல்லாம் அறிவியல் ஆதாரம் இருக்கிறதா?

சூடு, குளிர்ச்சி என்பதை அளக்கும் கருவி இல்லை. ஐந்து சுவை, ஐந்து உறுப்பு என்பது ஒரு தத்துவ அமைப்பு. ஆய்வகத்தில் நிரூபித்தது அல்ல. இஞ்சி குமட்டலைக் குறைப்பது போன்ற சில விஷயங்களுக்கு நல்ல ஆய்வுகள் உண்டு. எனக்கு இந்த முறை பயன்படுவது வேறு விதத்தில்: 'எந்த உணவு நல்லது' என்று கேட்டுக்கொண்டிருந்த நான் 'எனக்கு, இந்த வயதில், இந்த வானிலையில் எது ஒத்துக்கொள்கிறது' என்று கேட்கப் பழகினேன். புற்றுநோய்க்கோ சர்க்கரை நோய்க்கோ இது சிகிச்சை ஆகாது.

வீட்டிலேயே செய்து பார்க்க எளிதாக ஒன்று சொல்லுங்களேன்.

வறட்டு இருமலுக்குப் பாட்டி எனக்குச் செய்து தந்தது: ஒரு பேரிக்காயின் மேல்பகுதியை மூடி போல வெட்டி எடுத்து, நடுவில் விதைப் பகுதியைக் குடைந்துவிடுங்கள். குழியில் இரண்டு சின்னத் துண்டு கற்கண்டும் நாலைந்து கோஜியும் போட்டு, மூடியை வைத்து, கிண்ணத்தோடு இட்லிப் பாத்திரத்தில் 40 நிமிடம் வேக விடுங்கள். சளியும் குளிரும் சேர்ந்த இருமலுக்கு இது கூடாது என்பார், பேரிக்காய் குளிர்ச்சி. அடியில் ஊறி நிற்கும் சாற்றை முதலில் சூடாகக் குடித்துவிட்டு, பழத்தைக் கரண்டியால் சுரண்டிச் சாப்பிட வேண்டும்.